மன்னிக்கப்பட்டவர் திரும்பி வந்தால்

தம்பி,

மைதிலி வீட்டில் உங்கள் கல்யாணப் பேச்சுக்கு வந்த வாத்தியார் கேட்டது ஒரேயொரு கேள்வி. பையனோட தோப்பனார் இருக்காரோ என்றார். நான் "இருக்கிறார்" என்றேன். அதே மூச்சில் நீ "இல்லை" என்றாய். மைதிலியின் அம்மா காபித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டார். மைதிலி உன்னைப் பார்த்தாள். அவளுடைய அப்பா தலையை நிமிர்த்தி மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாவம் அந்த வாத்தியார். மயிலாப்பூரில் எத்தனையோ கல்யாணம் நடத்தி வைத்த மனிதர், தாயும் பிள்ளையும் இப்படி எதிரும் புதிருமாகச் சொல்லி ஒரு நாளும் கேட்டிருக்க மாட்டார். கல்யாணத்துக்கு முன்னால் இறந்துபோன முன்னோரை அழைத்து ஆசி கேட்கிற நாந்தி என்ற சடங்கு அவர்கள் வழக்கத்தில் உண்டு என்றும், அப்பா உயிரோடு இருந்தால் அதை அவரே செய்ய வேண்டும், இல்லையென்றால் பிள்ளை செய்யும்போது அந்த முன்னோர் வரிசையில் அப்பாவின் பெயரையும் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றும் மைதிலியின் அம்மாதான் என் காதருகே வந்து மெல்ல விளக்கினார். வாத்தியார் பஞ்சாங்கத்தை மூடி வைத்துவிட்டு, "ரெண்டு பேரும் கலந்து பேசிண்டு சொல்லுங்கோ. எனக்கு ரெண்டுல ஒண்ணு தெரிஞ்சாகணும்" என்று எழுந்துபோனார். அவர் மேல் பிழை சொல்ல முடியாது. ஒரு புரோகிதருக்கு அது தெரியத்தான் வேண்டும்.

பிறகு ஆட்டோவில் நான் உன்னைச் சொன்ன சொல் உனக்கும் மறக்கவில்லை, எனக்கும் மறக்கவில்லை. லஸ் முனையில், மெட்ரோ வேலைக்காகத் தகரம் அடைத்த இடத்தில் வண்டி நகராமல் நின்றபோது, "அங்கே இத்தனை ஜனாதிபதிகள் வாய் திறந்து சொல்லாததை நீ ஒரு காபிக்குச் சொல்லிப்போட்டாய்" என்றேன். நீ பாலவாக்கம் வரைக்கும் கூடவே வந்து, என்னை வாசலில் இறக்கி, கையில் சாவியையும் தந்துவிட்டு, அதே ஆட்டோவில் தேனாம்பேட்டைக்குத் திரும்பிப் போனாய். அதற்குப் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டீர்களா என்று செய்தி மட்டும் வருகிறது. நானும் போட்டேன், போட்டேன் என்று பதில் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். இப்படியே போனால் உன் கல்யாணத்துக்கும் நான் செய்தியில்தான் வருவேன் போலிருக்கிறது.

போனில் பேசினால் நான் அழுவேன், நீ சரிம்மா சரிம்மா என்பாய். குரல் பதிவு அனுப்பினாலோ நீ அதை வேகமாக ஓடவிட்டுக் கேட்பாய், எனக்குத் தெரியும். உன் அம்மா எலிக்குஞ்சு மாதிரிக் கீச்சுக் குரலில் வாழ்க்கைக் கதை சொல்வதை நீ பஸ்ஸில் கேட்க வேண்டாம். அதனால்தான் எழுதுகிறேன். இதை வேகமாக ஓடவிட முடியாது. ஒரு பதிலும் இதில் இருக்கிறது. ஆனால் அது கடைசியில்தான் வரும், நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டுத்தான் அதற்கு நீ வர வேண்டும்.

நீ "இல்லை" என்று சொன்னதில் எனக்கு இப்போது கோபம் இல்லை. அந்தக் கேள்வி உன்னை எத்தனை இடத்தில் வழிமறித்திருக்கும் என்று பிறகுதான் உட்கார்ந்து யோசித்தேன். இங்கே பள்ளியில் சேர்த்த புதிதில், அப்பா வெளிநாட்டில் இருக்கிறார் என்று சொல்லச் சொன்னது நான்தான். அது பொய்யும் அல்ல, நாம் வந்த பிறகு அந்த நாடு நமக்கு வெளிநாடுதானே. கூடப் படித்த பையன்கள் அப்பா எப்போது வருவார், என்ன கொண்டுவருவார் என்று கேட்டிருப்பார்கள். நீ சாக்லேட் என்று சொன்னதாக ஒரு நாள் வந்து சொன்னாய். அதற்காக நான் அடையாறில் கடை கடையாக ஏறி, வெளிநாட்டுத் தாள் சுற்றிய சாக்லேட் வாங்கி உன் பைக்குள் போட்டுவிட்டேன். நீ அதைப் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டு வந்து, ராத்திரிச் சாப்பாட்டைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாய். பிறகு நீ வளர்ந்தாய், உன் பேச்சு மாறியது, "இன்னா மச்சி" என்று தெருவில் நீ கத்துவதைக் கேட்டு எனக்குச் சிரிப்பாக வந்தது. ஊர் உன்னைத் தன் பிள்ளையாக எடுத்துக்கொண்டது என்று நிம்மதிப்பட்டேன். அந்தக் கேள்வி மட்டும் உன் பின்னாலேயே வந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ஆட்டோவில் ஏறுவதற்கு முன்னால் நீ சொன்னாயே, "எனக்கும் களைப்பா இருக்கும்மா, யார் கேட்டாலும் முழிக்கிறதுக்கு என்னால முடியல" என்று. அது எனக்கு உறைக்க இரண்டு வாரம் பிடித்தது.

அப்பா போனபோது உனக்குப் பத்து வயது. உனக்கு எவ்வளவு நினைவிருக்கிறது என்று நான் கேட்டதே இல்லை, கேட்டால் அதிகமாக நினைவிருக்கும் என்று சொல்லிவிடுவாயோ என்ற பயம். ஆகவே என் பக்கத்தைச் சொல்லுகிறேன். சண்டை முடிந்துவிட்டது, கடல்நீரேரியைத் தாண்டி எல்லோரும் வந்துகொண்டிருந்தோம். ஒலிபெருக்கியில் தமிழில்தான் சொன்னார்கள். இயக்கத்தில் ஒரு நாள் இருந்திருந்தாலும் தாங்களாக வந்து பதிந்துகொள்ளுங்கள், அரசாங்கம் மன்னிக்கும், கொஞ்சக் காலம் புனர்வாழ்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பும், மறைந்திருந்தால்தான் பிரச்சினை என்று திரும்பத் திரும்பச் சொன்னார்கள். உன் அப்பா இயக்கத்தின் ஆஸ்பத்திரிகளுக்கு ஜெனரேட்டர் திருத்தினவர். துவக்குத் தூக்கத் தெரியாது, கோழி அறுக்கிற இடத்தில் நிற்கவும் மாட்டார். மற்றவர்கள் தயங்கி நிற்க, அவர் ஒரு போத்தலில் நீரேரித் தண்ணீரை அள்ளி, யாரிடமோ பிளேட் வாங்கி, முகம் மழித்தார். உப்புத் தண்ணீர் பட்டுக் கன்னமெல்லாம் எரிந்திருக்கும். இந்த நேரத்தில் என்ன சவரம் என்று நான் சினந்தேன். "மன்னிப்பு வாங்கப் போறவன் காட்டான் மாதிரிப் போகலாமே?" என்றார். பிறகு பிளேடைத் துடைத்துக்கொண்டே, "நான் என்ன பிழை செய்தனான் எண்டுதான் விளங்கேல்லை. ஜெனரேட்டர் திருத்தினதோ? சரி, அதையும் மன்னிச்சுவிடட்டும்" என்று சிரித்தார்.

உன் தலையைத் தடவினார். எனக்குப் "போட்டு வாறன்" என்றார். எங்கள் பக்கத்தில் கடைக்குப் போகிறவனும் அப்படித்தான் சொல்வான். அரசாங்க பஸ், ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது, மழித்த கன்னம் பளிச்சென்று தெரிந்தது. பஸ் திரும்பும்போது தலையை வெளியே நீட்டி என்னவோ கேட்டார், சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. நீ அதைக் கேட்டாயா தம்பி? இத்தனை வருஷத்தில் உன்னிடம் கேட்க நினைத்துக் கேட்காமலே விட்டது அது ஒன்றுதான்.

அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அரசாங்கக் கதை. முகாமில் இருந்து நம்மை விட்டார்கள், பெரியம்மா இங்கே இருந்ததால் இங்கே வந்தோம். ஆனால் என் காது அங்கேயே இருந்தது. புனர்வாழ்வு முடிந்து ஆட்கள் வீட்டுக்கு வருகிறார்கள் என்று செய்தி வரும்போதெல்லாம் வவுனியாவுக்குப் போன் அடிப்பேன். ஒரு ஜனாதிபதி ஆணைக்குழு வைத்தார். அடுத்தவர் நல்லிணக்கம் என்றார், இனிமேல் மறப்போம் மன்னிப்போம் என்றார். அவர் காலத்தில்தான் காணாமல் போனவர்களுக்கென்று தனி அலுவலகமே வந்தது. பண்டிகைக்குப் பண்டிகை பொதுமன்னிப்பில் கைதிகள் விடுதலை என்று போடுவார்கள். நீ என் கையில் இருந்து போனைப் பிடுங்கி, அம்மா, அதெல்லாம் சில்லறைத் திருட்டுக் கேஸ் என்பாய். தெரியும். தெரிந்துகொண்டேதான் பெயர்களைத் தேடினேன். குற்றம் நிரூபணமாகித் தண்டனை வாங்கினவர்களுக்குக்கூட மன்னிப்புக் கிடைக்கிறது. அவர்கள் வீட்டு வாசலில் நின்று மாலை போட்டுப் படம் எடுக்கிறார்கள். வழக்கே இல்லாமல், முதல் நாளே மன்னிக்கப்பட்ட உன் அப்பாவைத்தான் காணவில்லை. மன்னித்தோம் என்கிறார்களே, மன்னித்த ஆள் எங்கே என்று கேட்டால் மட்டும் எல்லோருக்கும் சிங்களமும் மறந்துபோகிறது, தமிழும் மறந்துபோகிறது.

ஆணைக்குழு முன்னால் சாட்சி சொல்ல நான் ஒரு தடவை அங்கே போய் வந்தேனே, நீ பன்னிரண்டாம் வகுப்புப் படித்தபோது. அங்கே என்ன நடந்தது என்று உன்னிடம் முழுக்கச் சொல்லவில்லை. நான் பேசிய நேரம் கொஞ்சம், மொழிபெயர்ப்பவர் பேசிய நேரம் அதைவிடக் கொஞ்சம். எனக்கு ஆத்திரமே அதில்தான், நான் அழுது அழுது சொன்னதை அந்தப் பிள்ளை எப்படி ஒரு வரியில் முடித்தாள் என்று. விசாரித்தவர்களில் ஒருவர் நல்ல மனிதர்தான், பெருமூச்செல்லாம் விட்டார். கடைசியில், வாழ்வாதாரத்துக்கு ஏதாவது உதவி வேண்டுமா, தையல் மெஷின் தரலாம் என்றார். மெஷின் என்னிடம் இருக்கிறது ஐயா, ஆளைத்தான் காணவில்லை என்றேன். அது மொழிபெயர்ந்ததோ என்னவோ. இன்னொரு மேசையில், இறப்புச் சான்றிதழ் வேண்டாமென்றால் ஆளைக் காணவில்லை என்று ஒரு சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். அவரைக் காணவில்லை என்று எனக்குத் தெரியாதா, அதற்கு முத்திரை குத்திய தாள் எதற்கு? வெறுங்கையோடு விமானம் ஏறினேன். நீ வந்து கூட்டிப்போய், பசிக்கிறதா என்று கேட்டு, இடியாப்பம் வாங்கித் தந்தாய். அன்றைக்கு நீ வேறொன்றும் கேட்காமல் இருந்ததற்கு நான் உனக்கு நன்றி சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன்.

சரி, இந்த இரண்டு வாரத்துக்கு வருகிறேன். டி. நகர்க் கடையில் என் பக்கத்து மெஷினில் உட்காரும் பாக்கியத்தை உனக்குத் தெரியும், சாந்தோம் குப்பத்துப் பெண், உன் சட்டைக்கெல்லாம் பட்டன் வைத்துத் தந்தவள். நான் ஒரே ஜாக்கெட்டை இரண்டு தடவை பிரித்துத் தைப்பதைப் பார்த்துவிட்டு என்னக்கா என்று பிடித்துக்கொண்டாள். சொன்னேன். அவளுடைய அண்ணன் படகோடு போய்த் திரும்பாதவர் என்று எனக்கு அதுவரை தெரியாது. உடம்பு கிடைக்கவில்லையாம். ஒரு வருஷம் பார்த்திருந்துவிட்டு, சவப்பெட்டி இல்லாமலே மாதா கோயிலில் பூசை வைத்து முடித்தார்களாம். அப்படியென்றால் நானும் முடித்துவிட வேண்டியதுதானா என்றேன். அவள் நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே, "எங்க அண்ணன கடல் எட்துக்கினு பூட்சிக்கா. கடலாண்ட போயி யார கேக்கறது? உனுக்கு கேக்கறதுக்கு ஆளு கீது. அத்த வுட்றாத" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து அவளே, அதுக்காக புள்ள கல்யாணத்த இழுத்துக்கினு இருக்காத என்றும் சொன்னாள். இரண்டையும் ஒன்றாக எப்படிச் செய்வது என்று அவள் சொல்லவில்லை. அவளுக்கு அன்றைக்கு நிறைய வேலை இருந்தது.

நேற்று அரை நாள் லீவு போட்டு, உன்னிடம் சொல்லாமல், மைதிலியிடமும் சொல்லாமல், பஸ் பிடித்து மயிலாப்பூர்க் குளத்தடியில் இறங்கி வாத்தியார் வீட்டுக்குப் போனேன். மாடிப் போர்ஷன். சாயங்காலம் எங்கேயோ கிரகப்பிரவேசத்துக்குச் சாமான் எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவருடைய மனைவி மோர் கொடுத்தார். நான் கதையைச் சுருக்கமாகத்தான் சொன்னேன், அந்த மொழிபெயர்ப்பவள் கெட்டிக்காரி என்று அப்போதுதான் தெரிந்தது, உண்மையில் அது ஒரு வரிதான். சரணடைந்தவர்களை மன்னிப்போம் என்றார்கள், போனார், வரவில்லை. வாத்தியார் தேங்காயை ஒவ்வொன்றாகப் பைக்குள் வைத்துக்கொண்டே கேட்டார். எத்தனை வருஷமாச்சு என்றார். சொன்னேன்.

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். ஆள் போன திசை தெரியாமல், இருக்கிறானா இல்லையா என்ற தகவலே இல்லாமல் பன்னிரண்டு வருஷம் ஆகிவிட்டால் அதற்கென்று ஒரு வழி சாஸ்திரத்தில் இருக்கிறதாம். தர்ப்பைப் புல்லால் ஒரு ஆள் உருவம் செய்து, அதை அவராகவே நினைத்துப் பிள்ளை கொள்ளி வைக்க வேண்டுமாம். பிறகு மற்றக் காரியங்களை எல்லாம் முறைப்படி முடித்துவிடலாம். ஆடியில் அதைச் செய்துவிட்டால் ஆவணிக் கல்யாணத்துக்குத் தடை இல்லை, நாந்தியில் அவர் பெயரைச் சொல்லலாம் என்றார். உன் அப்பாவைப் புல்லாகப் பார்க்கப் போகிறேனா? நீ தீக்குச்சியோடு குனிகிற மாதிரி ஒரு தோற்றம் கண்ணுக்கு முன்னால் வந்தது. எழுந்து வந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனாலும் வாய் கேட்டுவிட்டது. எல்லாம் செய்த பிறகு அவர் திரும்பி வந்துவிட்டால் என்ன செய்வது என்று.

சத்தியமாகச் சொல்கிறேன் தம்பி, அந்த மனிதர் சிரிப்பார் என்று நினைத்தேன். அல்லது அந்த ஆணைக்குழுக்காரர் மாதிரி என்னைப் பாவமாகப் பார்ப்பார் என்று. அவர் தேங்காயைக் கீழே வைத்தார். "அதுக்கும் இருக்கும்மா" என்றார். அப்படி ஒருவன் வந்துவிட்டால் அவனைப் பெரிய தொட்டியில் நெய் நிரப்பி அதில் முக்கி எடுக்க வேண்டுமாம். அப்போது அவன் புதிதாகப் பிறந்த பிள்ளை. பிறந்த குழந்தைக்குச் செய்கிற சடங்கு முதற்கொண்டு, பெயர் வைப்பது, மற்றதெல்லாம் முதலில் இருந்து செய்ய வேண்டுமாம். பிறகு, அவனுடைய பழைய மனைவியையே அவன் மறுபடி கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமாம். நிஜமாகவே அப்படி எழுதியிருக்கிறதா என்று கேட்டேன். "எழுதி வெச்சிருக்கா. யாரோ ஒருத்தன் வந்திருப்பான்மா. வராம இருந்தா இதை எதுக்கு எழுதப் போறா?" என்றார். அதற்குள் மறுபடி போன் வந்துவிட்டது, எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டார்.

பஸ்ஸில் எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. உன் அப்பாவின் உயரத்துக்கு எவ்வளவு பெரிய தொட்டி வேண்டும், அதற்கு எத்தனை டின் நெய் வேண்டும், இன்றைக்கு நெய் விற்கிற விலையில் உன் சம்பளம் தாங்குமா என்றெல்லாம் யோசித்தேன். சவரம் செய்துவிட்டுத்தான் தொட்டிக்குள் இறங்குவார், எனக்கு நிச்சயம். பக்கத்தில் இருந்த பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். இந்திரா நகர் தாண்டும்போது சிரிப்பு அழுகையாகிவிட்டது, அவள் எழுந்து எனக்கு ஜன்னல் பக்க இடத்தைக் கொடுத்தாள். நான் இத்தனை வருஷமாக ஒவ்வொரு மேசைக்கும் போய்க் கேட்டது இதைத்தான் தம்பி. அவரை இறந்தவர் என்று நான் ஒப்புக்கொண்ட பிறகு அவர் வந்து நின்றால் அவருக்கு இடம் இருக்கிறதா? ஜனாதிபதிகளின் எந்தத் தாளிலும் அதற்கு ஒரு வரி இல்லை. இறப்புச் சான்றிதழை வாங்கினால் கோப்பை மூடிவிடுவார்கள், அவ்வளவுதான். யாரோ, எப்போதோ, என்னைப் போல ஒருத்தி வாசலில் நின்று பிடிவாதம் பிடித்ததால்தான் அந்த நெய்த் தொட்டியை எழுதி வைத்திருக்கிறார்கள் என்று தோன்றியது. எனக்கு அந்தச் சடங்கில் நம்பிக்கை இருக்கிறதா என்று கேட்காதே. எனக்கே தெரியாது. களைத்துப்போய்விட்டேன், உட்கார ஒரு இடம் கிடைத்தது, உட்கார்ந்துவிட்டேன்.

ஆகவே என் பதில் இதுதான். ஆடியில் செய்வோம். நீ கொள்ளி வை, நான் பக்கத்தில் நிற்கிறேன். நாந்தியில் அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிடு, சத்தமாகச் சொல், அவருக்கு ஜெனரேட்டர்ப் பக்கத்திலேயே நின்று நின்று காது கொஞ்சம் மந்தம். வாத்தியாருக்கு அவர் இறந்தவர். ஆனால் அரசாங்கத்திடம் நான் இறப்புச் சான்றிதழ் வாங்க மாட்டேன், எனக்குப் பிறகு நீயும் வாங்காதே. அவர்களுக்கு அவர் இருக்கிறவர். மன்னித்தவர்கள் அவர்கள், ஆளைக் காட்ட வேண்டியவர்களும் அவர்கள்தான். பாக்கியம் சொன்ன இரண்டையும் செய்ய எனக்கு வேறு வழி தெரியவில்லை. கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயருக்கு முன்னால் அமரர் என்று போட்டுக்கொள். மைதிலியின் அம்மா இன்று காலையில் கூப்பிட்டார். எப்படி முடிவெடுத்தாலும் கல்யாணத்தில் நான் முன்னால்தான் நிற்க வேண்டும், எங்காத்துல யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டா என்றார். சொன்னாலும் நான் பின்னால் போகிற ஆளில்லை என்று அவருக்கு இன்னும் தெரியாது, போகப் போகத் தெரியும்.

கல்யாணம் செய்துகொள்கிறாய், ஒரு புத்தியாவது சொல்ல வேண்டும். உனக்கும் மைதிலிக்கும் சண்டை வரும், வராமல் இருக்காது. மன்னிச்சிட்டேன் என்று வாயால் சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளாதே. செய்தியில் சாப்பிட்டாயா என்று கேட்டுக்கொண்டு வேறு தெருவில் இருக்காதே. மன்னித்தால் வந்து பக்கத்தில் உட்கார், அவளுக்கு ஆள் கண்ணுக்குத் தெரிய வேண்டும். இதை நான் உனக்குச் சொல்கிறேனா, எனக்குச் சொல்கிறேனா என்று நீ கேட்கலாம். ஆட்டோவில் நான் சொன்னதற்கு என்னை மன்னித்துவிடு. மன்னித்தால் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வா.

ஆடியில் வரும்போது என்னிடம் இருந்து நீ ஒன்று வாங்கிக்கொண்டு போக வேண்டும். காரியம் முடிகிற அன்றைக்கு நான் தாலிக்கொடியைக் கழற்றிவிடுவேன். முகாமில் பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தைத்துக் காப்பாற்றிய கொடி. மைதிலிக்குத் தாலிக்கொடி செய்ய இதையே உருக்கிக்கொள்ளலாம் என்று போன வருஷம் நானே சொன்னேன், அதை இப்போது திரும்ப வாங்கிக்கொள்கிறேன். அவளுக்கு மெலிதாக இருந்தாலும் புதிதாகச் செய்வோம், நான் தைத்துச் சேர்த்தது கொஞ்சம் இருக்கிறது, அவள் கோபிக்க மாட்டாள். இதைக் கொண்டுபோய் உன் அலமாரியில் வைத்துப் பூட்டு. உருக்காதே, அடகு வைக்காதே, பாலிஷ்கூடப் போடாதே. அவர் வந்தால் என்னை முதலில் இருந்து கட்ட வேண்டுமாம். அப்போது தாலிக்கு நான் எங்கே போவேன்?

அம்மா